மனிதனுக்கும் ஒரு வில்லங்கச் சான்று

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வணிகவியல்)

‘கடன்’ என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. செய்து தீர வேண்டிய கடமையும் கடன். திருப்பித் தர வேண்டிய பணமும் கடன். வாங்கியதைத் திருப்பித் தருவது கடமை என்பதை ஒரே சொல்லில் அடக்கி வைத்த முன்னோரின் நுண்ணறிவை வியக்காமல் இருக்க முடியவில்லை. ஆயினும், கடனை முடித்த பிறகும் ஒருவன் பெயர் கடன்காரர் பட்டியலில் நின்றுகொண்டிருக்கும் காலம் ஒன்று வரும் என்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். அந்தக் காலம் வந்துவிட்டது. வீடு கட்டுவதற்குக் கடன் கேட்டு வங்கிப் படி ஏறுகிறவர்கள் அதைக் கண்கூடாகக் காண்கிறார்கள்.

தென்காசி வட்டாரத்தில் மனை வாங்க நினைப்பவர் முதலில் செய்வது என்ன? முன்பணம் கொடுப்பதற்கு முன் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். அந்த மூன்று சென்ட் நிலம் எந்த ஆண்டு யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எப்போது அடமானம் வைக்கப்பட்டது, எப்போது மீட்கப்பட்டது என்பதெல்லாம் அந்தத் தாளில் வரிசையாக வந்துவிடும். அடமானம் எழுதும்போது உரியவர் கையொப்பம் இடுகிறார், சாட்சிகள் இடுகிறார்கள், சார்பதிவாளர் முத்திரை வைக்கிறார். கடன் தீர்ந்ததும் ‘தீர்ந்தது’ என்று ஒரு ரசீது ஆவணம் பதிவாகிறது. வைத்ததற்கும் தாள் உண்டு, மீட்டதற்கும் தாள் உண்டு. மண்ணுக்கு நாம் காட்டும் மரியாதை இது.

மனிதனுக்கும் இன்று இத்தகைய சான்று ஒன்று உண்டு. ‘சிபில்’ என்று எல்லாரும் வழங்கும் பெயர் உண்மையில் ஒரு நிறுவனத்தின் பெயர். 2000 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. கடன் தகவல் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005 இல் வந்தது. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்குவிபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் இன்று இந்தப் பணியைச் செய்கின்றன. வங்கியோ நிதி நிறுவனமோ யாருக்குக் கடன் கொடுத்தாலும் அதன் கதையை இந்த நான்கிற்கும் எழுதி அனுப்புகிறது. அவை அதைச் சேர்த்து, 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் போடுகின்றன. 750க்கு மேல் இருந்தால் வங்கியில் நாற்காலி கிடைக்கும். குறைந்தால் நின்றுகொண்டே பேச வேண்டியதுதான். நம் தேர்வில் தோற்றவனுக்காவது மறுதேர்வு உண்டு, வினாத்தாளும் கைக்கு வரும். இங்கே தேர்வு நடப்பதே பலருக்குத் தெரியாது.

மண்ணின் வில்லங்கத்துக்கும் மனிதனின் வில்லங்கத்துக்கும் உள்ள வேற்றுமை இதுதான். முன்னது இரு தரப்பும் கையொப்பமிட்டு எழுதுவது. பின்னது கொடுத்தவர் மட்டும் எழுதுவது.

எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் குற்றாலத்தில் சீசன் கடை போடுகிறார். பழச்சாறு, மங்குஸ்தான், ரம்புட்டான். 2020 ஆம் ஆண்டு சீசனை எதிர்பார்த்து, அதற்குச் சில மாதங்களுக்கு முன் கடைக்கு ஒரு குளிர்பதனப் பெட்டியைத் தவணையில் எடுத்தார். மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. அருவிகளில் குளிக்கத் தடை. ரிசர்வ் வங்கி அவ்வாண்டு ஆகஸ்டு 31 வரை தவணையை ஒத்திவைக்க இடம் தந்தது உண்மை. ஆனால் குற்றாலத்துக்காரருக்கு ஆகஸ்டு முடிந்தால் ஆண்டே முடிந்தது போலத்தான். செப்டம்பரில் தவணை தொடங்கும்போது கையில் எதை வைத்துக் கட்டுவது? 2021 சீசனும் அவ்வாறே தடையில் போயிற்று. குற்றாலத்தில் வருமானம் சாரலோடு வந்து சாரலோடு போகிறது. தவணையோ மாதந்தோறும் ஐந்தாம் தேதி வருகிறது. மலையில் மழை பெய்ததா, அருவியில் தண்ணீர் விழுந்ததா என்று அது கேட்பதில்லை.

2022 இல் வசூலுக்கு ஒருவர் வந்தார். அசலும் வட்டியும் அபராதமும் சேர்ந்து இருபத்தோராயிரம் நிற்கிறது. பன்னிரண்டாயிரம் கட்டினால் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றார். அண்ணாச்சி அங்கே இங்கே புரட்டிக் கட்டினார். கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. தொல்லை விட்டது என்று இருந்துவிட்டார்.

2025 இல் மேலகரத்தில் ஒரு மனைக்குக் கிரய ஒப்பந்தம் போட்டு, முன்பணமும் கொடுத்துவிட்டு, வீட்டுக் கடனுக்கு ஒரு வங்கிக்குப் போனார். பட்டா சரி, மூலப்பத்திரம் சரி, வில்லங்கம் சுத்தம், வரைபட அனுமதிக்கும் வழி இருந்தது. மேலாளர் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

“அண்ணாச்சி, எடத்துல வில்லங்கம் இல்ல. உங்க பேர்லதான் ஒண்ணு நிக்கி. பழைய கணக்கு ஒண்ணு ‘செட்டில்டு’ன்னு கெடக்கு. இத வச்சிக்கிட்டு மேல அனுப்புனா திருப்பி விட்டுருவாங்க.”

“அதான் முடிச்சாச்சே சார்! அவுகதான இவ்வளவு கெட்டுனாப் போதும்னு சொன்னாக?”

“முடிச்சது சரிதான் அண்ணாச்சி. முழுசாக் கெட்டலியே!”

இந்த உரையாடலில்தான் என் கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது எனலாம். நம் ஊர் வழக்கில் ‘செட்டில் பண்ணியாச்சு’ என்றால் கணக்கு நேராகிவிட்டது, இனி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம் என்று பொருள். வங்கியின் ஏட்டில் அதே சொல்லுக்கு ‘முழுத்தொகை வரவில்லை, கிடைத்ததை வாங்கிக்கொண்டோம்’ என்று பொருள். முழுதும் கட்டியவருக்கு எழுதப்படும் சொல் ‘மூடப்பட்டது’. இந்த இரு சொற்களுக்கும் இடையே ஒன்பதாயிரம் ரூபாயும் ஒரு வீடும் நிற்கின்றன. பன்னிரண்டாயிரம் வாங்கிக்கொண்டு போனவர் இதைச் சொன்னாரா? சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவரைக் கேட்பாரும் இல்லை. சலுகை என்று கொடுத்தவரே பின்னால் அதைக் குறை என்று எழுதி வைப்பது எந்த ஊர் நியாயம்?

பிறகு அவர் என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். படிக்கும் எவருக்கேனும் பயன்படும். தென்காசியில் இருந்த அந்த நிறுவனத்தின் கிளையை மூடிவிட்டிருந்தார்கள். தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதினார். விட்டுக்கொடுத்த மீதித் தொகையையும் கட்டிவிடச் சம்மதம், ஆனால் கட்டினால் கணக்கை ‘மூடப்பட்டது’ என்று மாற்றி எழுதுவோம் என முதலில் எழுத்தில் தரவேண்டும் என்று கேட்டார். அந்தக் கடிதம் வந்த பிறகே, வங்கிக் கணக்கு வழியாக நிறுவனத்தின் பெயருக்குப் பணம் அனுப்பினார். வசூல்காரர் கையில் ஒரு காசும் கொடுக்கவில்லை. பாக்கி இல்லை என்னும் சான்று வந்தது. அதன் நகலைக் கடன் தகவல் நிறுவனங்களுக்கும் அனுப்பினார். ஏடு திருந்துவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் ஆயிற்று. இதற்குள் கிரய ஒப்பந்தத்தின் கெடு முடிந்து, கொடுத்த முன்பணம் போய்விடும் நிலை. கெடுவை நீட்டிக்க மனைக்காரர் கூடுதல் பணம் கேட்டார். அந்தப் பணத்துக்கு அண்ணாச்சி வெளியில் வட்டிக்கு வாங்கினார். வங்கிக் கடன் ஒருவழியாகக் கிடைத்தது. அவ்வாண்டுச் சீசன் ஆதாயம் வெளி வட்டிக்குப் போயிற்று.

சட்டம் படித்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, “மூன்று ஆண்டு கடந்த கடன்தானே, கோர்ட்டுக்கே போக முடியாதே” என்றார். அது பாதி உண்மை. 1963 ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின்படி, அடமானம் இல்லாத சாதாரணக் கடனுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான். இது நம் கிராமத்துப் பெரியவர்களுக்குச் சட்டம் படிக்காமலே தெரியும். புரோநோட்டை மூன்று ஆண்டு ஆவதற்குள் மாற்றி எழுதி வாங்குவதும், நோட்டின் முதுகில் ஒரு சிறு தொகையை வரவு வைத்துக் கையெழுத்து வாங்குவதும் இதற்காகத்தான். கெடு முடியுமுன் எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைக் கட்டி அதைக் கையெழுத்திட்டுப் பதிந்தாலோ மூன்று ஆண்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணப்படும். கெடு முடிந்த கடனைக்கூட, ‘தருகிறேன்’ என்று எழுதிக் கையொப்பமிட்டால் 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு அதைப் புது ஒப்பந்தமாகவே கொள்கிறது. ஆகவே பழைய கடன் ஒன்றைப் பற்றித் தொலைபேசியில் யாரேனும் அதட்டும்போது, ‘ஐந்நூறு மட்டும் போடுங்கள், ஒரு கையெழுத்துப் போடுங்கள்’ என்றால், எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று பார்க்காமல் போடுவது அறிவுடைமை ஆகாது.

ஆனால் மீதிப் பாதி உண்மையை நண்பர் மறந்துவிட்டார். காலவரையறைச் சட்டம் நீதிமன்றத்தின் கதவைத்தான் மூடுகிறது, கடனை அழிப்பதில்லை. கடன் தகவல் நிறுவனங்களின் ஏட்டுக்கு வேறு நாள்காட்டி. அங்கே தகவலைக் குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ‘குறைந்தது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏழு ஆண்டானால் தானாக அழிந்துவிடும் என்று தேநீர்க் கடையில் பேசிக்கொள்வது அமெரிக்க நாட்டுக் கணக்கு. அங்கே 1970 இல் வந்த சட்டம், பெரும்பாலான பாதகக் குறிப்புகளை ஏழு ஆண்டுக்குப் பின் அறிக்கையில் காட்டக் கூடாது என்கிறது. இங்கிலாந்தில் ஆறு ஆண்டு. அவர்கள் எழுதியது ‘இதற்கு மேல் கூடாது’ என்னும் வரம்பு. நாம் எழுதியது ‘இதற்குக் கீழே கூடாது’ என்னும் வரம்பு. ஒரே ஏழு, இரு நாட்டில் இரு பொருள்!

இவ்விடத்தில் மறுதரப்பையும் சொல்லாவிட்டால் நான் வணிகவியல் மாணவன் ஆக மாட்டேன். வங்கி கொடுக்கும் பணம் வங்கியின் பணம் அன்று. ஊரார் போட்டு வைத்த சேமிப்பு. திருப்பித் தராதவனுக்கு மேலும் மேலும் கொடுத்தால் போட்டவர் நட்டப்படுவர். நாணயமாகக் கட்டுகிறவனுக்கும் கட்டாதவனுக்கும் வேற்றுமை தெரிந்தால்தான் நாணயமானவனுக்குக் குறைந்த வட்டியில் கொடுக்க முடியும். முற்காலத்தில் மளிகைக் கடைக்காரரின் பற்று ஏடும் ஊர்ப் பேச்சும் இந்த வேலையைத்தான் செய்தன. ஏடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்றும் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லப்போனால், தள்ளுபடி என்ற பேச்சே நம்மைப் போன்றவர்களுக்குக் கேடு செய்கிறது. தேர்தல்தோறும் கல்விக் கடன் தள்ளுபடி என்ற குரல் எழும்பும். அதை நம்பித் தவணையை நிறுத்தியவர் பலர். மேடையில் சொன்ன சொல் காற்றோடு போகும். ஏட்டில் விழுந்த குறி அங்கேயே கிடக்கும்.

கல்விக் கடனைப் பற்றி நாம் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம்மில் பலருடைய அண்ணனோ அக்காவோ அதை வாங்கித்தான் பொறியியலும் செவிலியமும் படித்தார்கள். நாமும் மேற்படிப்புக்கு வாங்கப் போகிறோம். அந்தக் கடனில் பெற்றோர் கூட்டுக் கடன்காரராகக் கையொப்பம் இடுகிறார்கள். மகனுக்கு வேலை கிடைக்கத் தாமதமானால், குறி மகன் பெயரில் மட்டும் விழுவதில்லை. தந்தை பெயரிலும் விழும். தந்தை தங்கையின் திருமணத்துக்கோ வீட்டைச் செப்பனிடவோ வங்கிக்குப் போகும்போது அது எதிரே வந்து நிற்கும். முன்னே இந்துக் குடும்பச் சட்டத்தில், தந்தை கடனைத் தீர்ப்பது மகனின் புனிதக் கடமை என்றொரு கொள்கை இருந்தது. அந்த ஒரே காரணத்துக்காக மகன் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று 2005 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சொல்லிவிட்டது. தந்தை கடன் மகனை விட்டது; மகன் கடன் தந்தையைப் பிடித்துக்கொண்டது.

நீதிமன்றங்களும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. 2023 இல் கேரள உயர்நீதிமன்றம், கல்விக் கடன் கேட்கும் மாணவருக்குக் கடன் மதிப்பெண் குறைவு என்பதற்காகவே வங்கி மறுக்கக் கூடாது, மாணவர்கள் நாட்டை நாளை ஆக்குகிறவர்கள் என்று கூறியது. 2025 இல் சென்னை உயர்நீதிமன்றம், பொதுத்துறை வங்கியில் அதிகாரியாகத் தேர்வான ஒருவரின் நியமனத்தை, கடன் வரலாறு சரியில்லை என்று அந்த வங்கி ரத்து செய்ததை ஏற்றுக்கொண்டது. பிறர் பணத்தைக் கையாளும் வேலைக்குச் சொந்தப் பணத்தில் ஒழுங்கு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேலை இல்லாததால் கடன் நின்றது, கடன் நின்றதால் வேலை இல்லை என்றானால், அந்த வட்டத்திலிருந்து ஓர் இளைஞன் எந்த வழியாக வெளியே வருவான்?

ஜாமீன் கையெழுத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் பேராசிரியப் பெருமக்கள் இதைப் பொறுத்தருள வேண்டும். அரசுச் சம்பளக்காரர் என்பதால் உறவினரும் நண்பரும் இவர்களைத்தான் தேடி வருவார்கள். “சும்மா ஒரு கையெழுத்துதான் சார்” என்பார்கள். சட்டத்தில் சும்மா கையெழுத்து என்று ஒன்று இல்லை. வாங்கியவன் பொறுப்பு எவ்வளவோ, ஜாமீன் போட்டவர் பொறுப்பும் அவ்வளவே. வாங்கியவன் திருப்பூருக்கோ கேரளத்துக்கோ போய்விட்டால் குறி ஜாமீன்தாரர் ஏட்டிலும் நிற்கும். பணி ஓய்வுக்குள் சொந்த வீடு கட்டிவிடலாம் என்று அவர் வங்கிக்குப் போகும் நாளில்தான் அது தெரியவரும்.

சில சமயம் அந்தக் குறி நமக்கு உரியதாகவே இராது. இது நம் ஊர்ப்பக்கம் பெரிய தொல்லை. தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் பகுதிகளில் ஒரு தெருவில் எத்தனை மாடசாமி, எத்தனை இசக்கி, எத்தனை சுடலை! குலதெய்வத்தின் பெயரைத் தலைமுறை தோறும் வைக்கிறோம். பாட்டன் பெயர் பேரனுக்குப் போகிறது. தலைப்பெழுத்தும் ஒன்றாகவே அமைந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் பெயர் ஆதாரில் ஒரு விதம், பான் அட்டையில் ஒரு விதம், குடும்ப அட்டையில் ஒரு விதம். வடக்கே எங்கோ இருக்கும் கணினிக்கு இரண்டு இசக்கிமுத்துவும் ஒருவராகத் தெரிந்தால் வியப்பென்ன? பீடி சுற்றும் பெண்கள் எடுக்கும் குழுக் கடன்களிலும் இவ்வாறு நேரலாம். பக்கத்து வீட்டுக்காரியின் நிலுவை தன் பெயரில் ஏறியிருப்பதை அந்தப் பெண் அறிவதற்கு வழியே இல்லை. அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது; படித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இதில் ஏதேனும் பழுது நேர்ந்தால் அதைச் சரிசெய்கிறவர் அடிகளில் விழுந்து வணங்குவதாகக் கல்லில் வெட்டி வைத்தான் என்பது இவ்வூர்ப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டு வளர்ந்த செய்தி. தான் கட்டியதிலும் பழுது வரும் என்று ஒப்புக்கொண்ட அரசன் அவன். நம் கடன் ஏடுகளை வைத்திருப்போரிடம் அந்தப் பணிவில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலும் போதும் என்று தோன்றுகிறது.

இன்னொரு விந்தை: கடன் இருக்கும், கொடுத்த வங்கி இராது. ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் 2017 ஏப்ரல் 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியில் கலந்தது. 2020 ஏப்ரல் 1 அன்று சிண்டிகேட் வங்கி கனரா வங்கியிலும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியிலும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியிலும் கலந்தன. அவ்வாண்டு நவம்பரில் கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வங்கியோடு சேர்ந்தது. பலகை மாறியது, கிளை மாறியது, கணக்கு எண்ணும் மாறியது. பழைய பாக்கி மட்டும் மாறாமல் வந்து சேர்ந்தது. சில கடன்களை வங்கிகள் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்றுவிடுகின்றன. கேள்விப்படாத பெயரில் ஒரு நிறுவனம் தொலைபேசியில் பணம் கேட்கும். அத்தகைய அழைப்பு வந்தால், கடன் உங்களுக்கு மாற்றப்பட்டதற்கான கடிதத்தை அனுப்புங்கள் என்று கேட்பது நம் உரிமை. அது வரும்வரை ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்கு முன்னும் இரவு ஏழு மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் எழுதியிருக்கிறது என்பதையும் அவர்களிடம் சொல்லலாம்.

இவ்வளவும் எதற்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது? சிறு பழைய பாக்கி ஒன்றுக்காக வங்கிக் கதவு மூடும்போது, நம் ஊரில் வேறொரு கதவு திறந்தே இருக்கிறது. அந்தக் கதவுக்குச் சிபில் கிடையாது, பட்டா கிடையாது, கேள்வி கிடையாது. 2017 அக்டோபர் 23 அன்று, இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் காசிதர்மம் ஊரைச் சேர்ந்த ஒரு குடும்பம், கணவன், மனைவி, இரு பெண் குழந்தைகள், திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீயில் எரிந்து போனார்கள். கந்துவட்டிக் கொடுமை காரணம். வாங்கியதைவிடக் கூடுதலாகவே அவர்கள் கட்டியிருந்தார்கள் என்று அப்போது செய்திகள் கூறின. அதீத வட்டியைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது 2003 இல். சட்டம் வந்து பதினான்கு ஆண்டுக்குப் பின் நடந்தது அது. அந்த நான்கு பேரைப் பற்றி எழுதும்போது என் கை தயங்குகிறது. ஆனால் வங்கிக் கடன் மறுக்கப்படுவதை வெறும் மதிப்பெண் கணக்காகப் பேசுகிறவர்களுக்கு இந்த ஊரில் இருந்துகொண்டு இதை நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை.

1938 இல் இராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், பழைய கடன்களில் அசலுக்கு இருமடங்கு கட்டியாகிவிட்டால் கடன் தீர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. கடனுக்கு ஒரு முடிவு உண்டு என்ற எண்ணம் அந்தச் சட்டத்தில் இருந்தது. இன்றைய ஏட்டுக்கும் ஒரு முடிவு வேண்டும் என்பதே என் கருத்து. மண்ணின் வில்லங்கத்தில் இருக்கும் ஒழுங்கு மனிதனின் வில்லங்கத்துக்கும் வரட்டும். குறைத்துக் கட்டி முடிக்கலாம் என்று அழைக்கும் நிறுவனம், அப்படிக் கட்டினால் ஏட்டில் என்ன எழுதப்படும், அதனால் பின்னாளில் வீட்டுக் கடனுக்கு என்ன நேரலாம் என்பதைத் தமிழில் அச்சிட்ட தாளில் சொல்லி, கட்டுகிறவர் கையொப்பம் வாங்கட்டும். கட்டாமல் போனதற்குக் காரணத்தை, ஊரடங்கோ நோயோ வேலை இழப்போ, கட்டாதவரும் அதே ஏட்டில் இரண்டு வரி எழுத இடம் கொடுக்கட்டும். கடன் தரும் மேலாளர் அதையும் படித்து முடிவு செய்யட்டும். முழுதும் கட்டி முடித்த சிறு கடன்களின் பழைய குறிகளுக்கு ‘இதற்கு மேல் கூடாது’ என்ற வரம்பு வரட்டும். இவை எல்லாம் நடக்காத கனவு அல்ல. பாக்கி விவரத்தை ஏட்டுக்கு அனுப்பும்போது கடன்காரருக்கும் கைப்பேசிச் செய்தி அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் ஆணையிட்டது. தவறு என்று புகார் கொடுத்து 30 நாளில் திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் ஈடு தரவேண்டும் என்ற விதியும் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். பாதி வழி வந்தவர்கள் மீதி வழியும் வரலாம்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது 2017 முதல் நடப்பில் உள்ள விதி. மனைக்கு முன்பணம் கொடுத்த பிறகு மேலாளர் வாயால் கேட்பதைவிட, ஆறு மாதம் முன்னதாகவே எடுத்துப் பார்ப்பது நல்லது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் நாம் ஊர் ஊராகப் போய் வாய்க்கால் தூர்க்கிறோம், மரக்கன்று நடுகிறோம். வரும் ஆண்டு ஒரு மாலைப் பொழுதை இதற்கென்று ஒதுக்கலாம் என்று நம் திட்ட அலுவலரை வேண்டுகிறேன். ஊராட்சி அலுவலகத் திண்ணையில் வணிகவியல் மாணவர் நால்வர் உட்கார்ந்தால் போதும். வருகிறவர் பான் அட்டையும் தம் கைப்பேசியும் கொண்டுவர வேண்டும். கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணை அவரே தட்ட வேண்டும், நம்மிடமோ வேறு எவரிடமோ சொல்லக் கூடாது. வரும் அறிக்கையைத் தமிழில் படித்துச் சொல்வதும், தவறு இருந்தால் ஒரு பக்கத்தில் புகார்க் கடிதம் எழுதிக் கொடுப்பதும் நம் வேலை. மாசி பங்குனியில் வைத்துக்கொண்டால் நல்லது. சாரல் விழத் தொடங்கிவிட்டால் குற்றாலத்துக் கடைக்காரர் ஒருவரும் கையில் அகப்பட மாட்டார்கள்.